மூலைமட்டத்திற் பிறந்த சொல்

இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், "எல்லாம் நோர்மல்" என்கிறார். நோயாளியின் முகம் மலர்கிறது. வெள்ளம் வடிந்து, கடைகள் திறந்து, பேருந்துகள் ஓடத் தொடங்கியதும், "ஊர் நோர்மலுக்கு வந்துவிட்டது" என்கிறார் ஊரவர். அயல்வீட்டுப் பிள்ளை பேசும் வயதில் தன் பிள்ளை பேசக் காணாத தாய், "இது நோர்மல்தானா?" என்று கலங்குகிறாள். மூவரும் வழங்கியது ஒரே சொல். ஆயினும் மருத்துவர் கருதியது உடல்நலம். ஊரவர் கருதியது வழமை. தாயின் வினாவிலோ இவ்விரண்டுடன் ஓர் அச்சமும் சேர்ந்திருக்கின்றது. தமிழ்ப் பேச்சிலும் இன்று தாராளமாகப் புழங்கும் இந்த ஆங்கிலச் சொல், பிறந்த காலத்தில் நலத்தையும் குறிக்கவில்லை, வழமையையும் குறிக்கவில்லை. அது ஒரு கோணத்தைக் குறித்தது. தொண்ணூறு பாகை கொண்ட செங்கோணமே அதன் முதற்பொருள். தச்சன் கையிலிருந்த கருவி ஒன்றின் பெயர் மனிதரை அளக்கும் கோலாக மாறிய கதை, சொல்லின் கதை மட்டுமன்று. மனித சமுதாயத்தின் கதையுமாகும்.

தச்சரும் கொத்தரும் மூலை பிடிப்பதற்குப் பயன்படுத்தும் மூலைமட்டத்தை அறியாதார் இலர். இரு சட்டங்கள் ஒன்றோடொன்று செங்கோணமாகப் பொருத்தப்பட்ட எளிய கருவி அது. சுவரின் மூலையிலோ கதவு நிலையின் மூலையிலோ அதை வைத்துப் பார்த்தால், மூலை சரியா, கோணலா என்பது நொடியில் விளங்கும். இக்கருவிக்கு இலத்தீன் மொழியில் நோர்மா என்று பெயர். உரோமக் கட்டடக் கலைஞர் நான்கு கருவிகளைக் கொண்டு தம் தொழிலை நடத்தினர். நேர்கோடு இடுவதற்கு இரேகுலா எனும் நேர்கோல். கிடைமட்டம் பார்ப்பதற்கு இலிபெல்லா எனும் மட்டக் கருவி. நிலைக்குத்துப் பார்ப்பதற்கு நூலிற் கட்டிய தூக்குக் குண்டு. மூலை பார்ப்பதற்கு நோர்மா. சாமோஸ் தீவினனாகிய தியோடோரஸ் என்பான் நோர்மாவையும் மட்டக் கருவியையும் கண்டுபிடித்தான் என்று, கி.பி. 79இல் விசூவியஸ் எரிமலைச் சீற்றத்தில் உயிரிழந்த பிளினி எழுதி வைத்திருக்கின்றார். இத்தகைய கருவிகளுக்கு ஒரு தனிமனிதனைத் தந்தையாக்கிக் கூறுதல் பழங்காலத்தவர் வழக்கம்; கருவி அவனிலும் பழையதாகவே இருக்கவேண்டும்.

நோர்மாவைச் செய்வது எப்படி? இரு சட்டங்களைக் கண்ணளவாற் பொருத்தினால் மூலை பிசகும். பிசகிய மூலைமட்டம் தொட்ட சுவரையெல்லாம் கெடுக்கும். அகஸ்தஸ் பேரரசன் காலத்தில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர் தம் பத்துப் பாகப் பெருநூலின் ஒன்பதாம் பாகத்தில் இதற்கு விடை தருகின்றார். மூன்றடி, நான்கடி, ஐந்தடி நீளமுடைய மூன்று கோல்களை எடுத்து முனையோடு முனை பொருந்துமாறு முக்கோணமாக வைத்தால், மூன்றடிக் கோலும் நான்கடிக் கோலும் சந்திக்கும் இடத்திற் பிழையில்லாச் செங்கோணம் அமையும். மூன்றின் வர்க்கம் ஒன்பது. நான்கின் வர்க்கம் பதினாறு. இரண்டும் சேர இருபத்தைந்து. அதுவே ஐந்தின் வர்க்கம். இவ்வழியைக் காட்டியவர் பைதகரஸ் என்று விட்ருவியஸ் போற்றுகின்றார். இவ்வெண்களின் உறவை, பைதகரஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னரே பாபிலோனியர் அறிந்திருந்தனர். அத்திவாரம் வெட்டுமுன் கயிறு பிடித்து மூன்று, நான்கு, ஐந்து என அளந்து மூலை நிறுத்தும் கொத்தர் இன்றும் கையாள்வது அதே முறையே.

நோர்மா என்னும் சொல்லின் வேர் எது? கிரேக்க மொழியில் ஞோமோன் என்றொரு சொல் உண்டு. அறியச் செய்வது என்பது அதன் அடிப்பொருள். வெயிற்கடிகாரத்தில் நிழல் வீழ்த்தி நேரத்தை அறியச் செய்யும் கம்பத்துக்கும் அது பெயர். மூலையின் சரிபிழையை அறியச் செய்யும் மூலைமட்டத்துக்கும் அதுவே பெயர். கிரேக்கச் சொல் இத்தாலியின் பழங்குடியினரான எத்துரஸ்கர் வாயிற் புகுந்து திரிந்து, பின் உரோமரிடத்தில் நோர்மாவாயிற்று என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர் கருத்து. சொல்லின் வழி எவ்வாறாயினும் எண்ணத்தின் வழி ஒன்றே. கியோஸ் தீவினரான ஒய்னோபிதீஸ் என்னும் பழைய கணித அறிஞர், ஒரு கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கும் கோட்டை 'ஞோமோன் முறைப்படி' நிற்கும் கோடு என்று பழைய வழக்கிற் குறிப்பிட்டார் என, பிற்கால உரையாசிரியர் புரோக்கிளஸ் எழுதுகின்றார். கேத்திர கணிதம் நூலாக எழுமுன்னரே அது தொழிலாளியின் கையில் வாழ்ந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

நோர்மாவிலிருந்து நோர்மாலிஸ் என்னும் பெயரடை பிறந்தது. மூலைமட்டத்துக்கு ஏற்ப அமைந்தது, அதாவது செங்கோணமானது, என்பது அதன் பொருள். இப்பொருளில் அச்சொல்லை வழங்கியவருள் ஒருவர், சொற்பொழிவாளருக்குப் பயிற்சி நூல் எழுதிய குவின்ரிலியன் ஆவர். கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய அந்நூலின் பதினோராம் பாகத்தில், அவையில் நின்று பேசுவோன் மேலாடையை எங்ஙனம் அணியவேண்டும், கைகளை எங்ஙனம் வைத்திருக்கவேண்டும் என்றெல்லாம் விதி கூறுகின்றார். இடக்கையை எவ்வளவு உயர்த்துவது? முழங்கையில் அந்த 'நோர்மல் கோணம்' உண்டாகும் அளவுக்கு என்கின்றார். அங்கே நோர்மல் என்றால் வழமையான கோணம் என்பது பொருளன்று. மடங்கிய கை மூலைமட்டத்தைப் போலத் தோன்றவேண்டும் என்பதே கருத்து.

செங்குத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் பெர்பெண்டிக்குலர் என்னும் சொல்லும் இலத்தீனிலிருந்தே வந்தது. ஆயின் அதன் தாய் வேறு. தொங்குதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து தூக்குக் குண்டின் பெயரும், அப்பெயரிலிருந்து இச்சொல்லும் பிறந்தன. தூக்குக் குண்டு பூமியை நோக்கித் தொங்குவது. மேல் கீழ் என்ற வேறுபாடு அதற்கு இன்றியமையாதது. மூலைமட்டத்துக்கோ மேலும் இல்லை, கீழும் இல்லை. சாய்ந்த கூரையிலும் அதை வைத்துச் செங்கோணம் பார்க்கலாம். கவிழ்த்துப் பிடித்தும் பார்க்கலாம். இக்காரணத்தாற் போலும், வளைந்தும் சாய்ந்தும் கிடக்கும் பரப்புகளுக்குச் செங்கோணமாக எழும் கோட்டுக்கு நோர்மல் என்னும் பெயரே பொருத்தமாய் நிலைத்தது. 1637இல் வெளிவந்த தம் கேத்திர கணித நூலில் வளைகோடுகளுக்கு இத்தகைய கோட்டை வரையும் வழியை டேக்கார்ட் காட்டினார். கண்ணாடியிற் படும் ஒளிக்கதிரின் கோணத்தைக் கண்ணாடிப் பரப்பிலிருந்து அளவாது, அப்பரப்புக்குச் செங்கோணமான கோட்டிலிருந்தே அளக்கவேண்டும் என்று மாணவர் இன்றும் கற்கின்றனர். அக்கோட்டின் பெயர் நோர்மல். அறிவியலில் இச்சொல்லின் பழம்பொருள் மாசுபடாமல் வாழும் இடம் இது.

மண்ணில் மட்டுமன்றி விண்ணிலும் இம்மூலைமட்டம் ஏறியது. பிரெஞ்சு வானியலறிஞர் லக்காய் 1751ஆம் ஆண்டு தொடங்கி நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்து விண்மீன்கள் ஏறத்தாழப் பத்தாயிரத்தை அளந்தார். ஐரோப்பியர் பெயரிடாதிருந்த பகுதிகளில் பதினான்கு புதிய விண்மீன் கூட்டங்களை வகுத்து, பெரும்பாலும் கலைஞரும் அறிவியலாளரும் கையாளும் கருவிகளின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார். அவற்றுள் ஒன்று நோர்மா. ஆனி ஆடி மாதத்துத் தெளிந்த இரவுகளில் இலங்கையிலிருந்து தென்வானை நோக்கினால், விருச்சிகத்துக்குத் தெற்கே மங்கலான விண்மீன்களால் ஆகிய இம்மூலைமட்டம் கண்ணுக்குத் தென்படும்.

கருவியின் பெயர் ஒழுக்கத்தின் பெயராக மாறுவது எம்மொழியிலும் எளிதில் நிகழ்வது. தமிழிலும் அவ்வாறே. நேர் என்பதிலிருந்து நேர்மை. செம்மையான கோலிலிருந்து செங்கோல். வளைந்த கோலிலிருந்து கொடுங்கோல். வளைதலாகிய கோடுதலிலிருந்து, ஒருபாற் சாயாமையாகிய கோடாமை. திருக்குறளிற் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்களாய் நிற்கின்றன. உரோமரும் இவ்வழியே சென்றனர். சிசெரோ முதலியோர் எழுத்தில் நோர்மா என்பது அறிவுக்கும் சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உரிய அளவுகோலாயிற்று. பேச்சுமொழிக்கு அளவுகோல் எது என்று ஆராய்ந்த ஹொரேஸ் என்னும் புலவரும் இச்சொல்லையே எடுத்தாண்டார்.

அளவுகோல் ஒன்று ஏற்பட்டால் அதற்குப் புறம்பானவையும் ஏற்படுமன்றோ? மூலைமட்டத்துக்குப் புறம்பானதை எனோர்மிஸ் என்றனர். கி.பி. 64இல் உரோமாபுரியைப் பெருந்தீ பற்றியபோது அது விரைந்து பரவியதற்குக் காரணங் கூறும் வரலாற்றாசிரியர் தசிற்றஸ், பழைய நகரத்தின் ஒடுங்கி வளைந்த வழிகளையும் ஒழுங்கற்ற வீட்டுத் தொகுதிகளையும் சுட்டுகின்றார். ஒழுங்கற்றவை என்பதற்கு அவர் இட்ட சொல் இதுவே. தீக்குப்பின் எழுந்த நகரில் வீதிகள் அளந்து இடப்பட்டன, அகலமாக்கப்பட்டன, வீடுகளின் உயரத்துக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. எனோர்மிஸ் என்னும் சொல்லே ஆங்கிலத்தில் எனோர்மஸ் என வந்து, இன்று மிகப் பெரியது என்னும் பொருளில் வழங்குகின்றது. அதன் உடன்பிறப்பான எனோர்மிற்றி என்பதோ பெருங்கொடுமையைக் குறிக்கின்றது. மூலை பிசகிய கட்டடம் ஒருபுறம் பூதாகாரமாகவும் மறுபுறம் பாவமாகவும் மாறிய விந்தை இது.

இன்னொரு சொல் அப்னோர்மிஸ். மூலைமட்டத்திலிருந்து விலகியது என்பது அதன் நேர்ப்பொருள். இன்று அப்னோர்மல் என்றால் மருத்துவமனையும் பித்தும் நினைவுக்கு வருகின்றன. ஹொரேஸ் இச்சொல்லை யாருக்கு இட்டார் என்று பார்த்தால் வியப்புண்டாகும். ஒபெல்லஸ் என்னும் நாட்டுப்புற உழவனைப்பற்றி அவர் ஓர் அங்கதப் பாடலிற் பேசுகின்றார். உள்நாட்டுப் போருக்குப்பின் அவ்வுழவனின் சொந்த நிலம் பறிக்கப்பட்டுப் போர்வீரன் ஒருவனுக்குக் கொடுக்கப்பட்டது. தன் நிலத்தையே வாரத்துக்கு உழுதுகொண்டு, குறைந்த உணவில் நிறைந்த மனத்தோடு பிள்ளைகளுடன் வாழ்ந்தான் அவன். எந்தத் தத்துவப் பள்ளியிலும் பயிலாதவன், எந்த ஆசிரியரின் அளவுகோலுக்கும் அடங்காதவன், எனினும் அறிவாளி. அந்த அடங்காமையையே ஹொரேஸ் அப்னோர்மிஸ் என்றார். அப்னோர்மல் என்னும் சொல்லின் மூதாதை, ஓர் ஏழை உழவனுக்குக் கவிஞர் சூட்டிய பாராட்டு. அளவுகோலுக்கு வெளியே நிற்பவன் தாழ்ந்தவன் என்று அச்சொல் அன்று கூறவில்லை.

பின்வந்த நூற்றாண்டுகளில் இச்சொல் எங்ஙனம் வழிமாறியது? முதற் படி பள்ளிக்கூடம். 1774இல் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா வெளியிட்ட கல்விச் சட்டம், பிற பள்ளிகளுக்கு மாதிரியாக விளங்கவேண்டிய பள்ளிகளை நோர்மல் பள்ளிகள் என வகுத்தது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு, நாடெங்கும் ஆசிரியரை உருவாக்கும் பொருட்டு அதே பெயரில் ஒரு பெருங்கல்லூரியை அமைக்க ஆணையிட்டது. அடுத்த ஆண்டு பாரிஸில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் கூடிய அக்கல்லூரியிற் கணிதம் கற்பித்தோர் லக்ராஞ், லப்பிளாஸ், மொஞ் முதலிய பேரறிஞர். செங்கோணத்தை நன்கறிந்த அன்னோர், செங்கோணத்தின் பெயர் தாங்கிய பள்ளியிலே கற்பித்தனர். அது சில மாதங்களிலே மூடப்பட்டதாயினும் பெயர் அழியவில்லை. நெப்போலியன் காலத்தில் அக்கல்லூரி மீண்டும் எழுந்தது. அமெரிக்காவில் 1839இல் லெக்சிங்ரன் நகரில் ஒரு நோர்மல் பாடசாலை தோன்றியது. இலினோய் மாநிலத்தில் இத்தகைய நிறுவனம் ஒன்று இருந்தமையால் ஓர் ஊரே 1865இல் நோர்மல் எனப் பெயர் பெற்றது. சென்னையில் 1856இல் தொடங்கிய அரசினர் நோர்மல் பாடசாலையே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. இங்கெல்லாம் நோர்மல் என்றது சாதாரணத்தையன்று, பின்பற்றத்தக்க மாதிரியையே.

இரண்டாம் படி மருத்துவம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரெஞ்சு மருத்துவர் புறூசே, நோய் என்பது உடலிற் புகுந்த அந்நியப் பொருளன்று, உடலின் தூண்டல் மிகுதலாலும் குறைதலாலும் உண்டாவதே என்று வாதித்தார். அங்ஙனமாயின் மிகாமலும் குறையாமலும் உள்ள நிலைக்கு ஒரு பெயர் வேண்டுமன்றோ? அதுவே நோர்மல் நிலை எனப்பட்டது. ஓகுஸ்ற் கொம்ற் என்னும் தத்துவஞானி இக்கருத்தை உடலிலிருந்து எடுத்துச் சமுதாயத்துக்கும் பொருத்தினார். இனி நோயுறுவது உடல் மட்டுமன்று. நாடும் நோயுறலாம், ஒழுக்கமும் நோயுறலாம், அவற்றையும் நோர்மல் நிலைக்குக் கொணரலாம் என்ற எண்ணம் பரவியது.

மூன்றாம் படி எண்கணக்கு. பெல்ஜியத்து வானியலறிஞர் கெற்றலே, விண்மீனின் நிலையைப் பலமுறை அளக்கும்போது நேரும் சிறு பிழைகளை ஆராய்ந்தவர். அளவுகள் சிதறிக் கிடந்தாலும் அவற்றின் நடுவே உண்மை நிலை இருக்கும் என்பது வானியலார் கண்ட வழி. கெற்றலே அதே வழியை மனிதர்மேற் செலுத்தினார். ஸ்கொத்லாந்துப் படைவீரர் 5,700 பேருக்கு மேற்பட்டோரின் மார்புச் சுற்றளவுகளை அடுக்கிப் பார்த்தபோது, நடுவில் நெருங்கியும் இருபுறமும் குறைந்தும் மணிவடிவில் அவை அமைந்திருக்கக் கண்டார். ஒரே விண்மீனைப் பலமுறை அளந்தாற்போல, ஒரே மனிதனைப் பலமுறை அளந்ததாக அவருக்குத் தோன்றியது. 1835இல் வெளியிட்ட நூலிலே சராசரி மனிதன் என்னும் உருவத்தைப் படைத்து, அழகுக்கும் நன்மைக்கும் அவனையே இலக்கணமாக்கினார். விண்மீன் அளவையில் விலகல் என்பது அளந்தவன் பிழை. மனிதர் அளவையில் விலகல் என்பது பிறந்தவன் பிழையாகிவிடும் என்பதை அவர் நினையாது போயினர்.

கௌஸும் லப்பிளாஸும் முன்னரே ஆராய்ந்திருந்த அந்த மணிவடிவ வளைகோட்டுக்கு 1870களில் அமெரிக்காவிலும் யேர்மனியிலும் இங்கிலாந்திலும் அறிஞர் தனித்தனியே நோர்மல் என்னும் பெயரை இட்டனர். அப்பெயரைப் பரப்பியவருள் முதன்மையானவர் கார்ல் பியர்சன். அவரே 1920இல் திரும்பிப் பார்த்து, இப்பெயருக்கு ஒரு குறையுண்டு என்று எழுதினார். ஏனைய பரம்பல்களெல்லாம் ஏதோ ஒரு வகையில் முறைபிறழ்ந்தவை என்று மக்கள் எண்ணுவதற்கு இப்பெயர் இடந்தந்துவிட்டது என்றார்.

இங்ஙனம் செங்கோணத்தின் பெயர் சராசரியின் பெயராயிற்று. இருக்கவேண்டியது எது என்ற வினாவும், பெரும்பாலும் இருப்பது எது என்ற வினாவும் ஒரே சொல்லுள் அடங்கின. இக்கலப்பு ஏட்டளவில் நிற்கவில்லை. பியர்சனின் ஆசிரியர் போன்றவரான பிரான்சிஸ் கோல்ற்றன், 1883இல் மனித இனத்தைத் தெரிந்து வளர்க்கும் துறை ஒன்றுக்குப் பெயர் சூட்டினார். 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், குறையுடையோர் எனக் கருதப்பட்டோரைப் பிள்ளைப்பேறு இல்லாதோராக்கும் சட்டத்தை இயற்றியது. 1927இல் வேர்ஜீனியா மாநிலத்தின் அத்தகைய சட்டத்தை அமெரிக்க உயர்நீதிமன்றமே ஏற்றது. 1933இல் நாசி யேர்மனி இயற்றிய சட்டத்தின்கீழ் ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்களுக்கு அக்கொடுமை இழைக்கப்பட்டது. இதற்கு ஒரு சொல்லே காரணம் என்பது பொருந்தாது. அரசியலும் வெறுப்பும் அதிகாரமும் அதன் காரணங்கள். ஆனால் மனிதருக்கும் ஒரு மூலைமட்டம் உண்டு, அதற்குப் பொருந்தாதவர் கோணலானவர் என்ற எண்ணம் வேரூன்றியிராவிடின் இவை இத்துணை எளிதாக நடந்திரா.

சராசரியே செம்மை என்போர் அச்சராசரி மனிதனைக் கண்டதுண்டா? இதற்கு விடை கூறும் நிகழ்ச்சி ஒன்று 1945இல் அமெரிக்காவில் நடந்தது. பல்லாயிரம் இளம்பெண்களின் உடலளவுகளைச் சராசரி கண்டு, மருத்துவர் டிக்கின்சனும் சிற்பி பெல்ஸ்கியும் ஒரு பெண் சிலையை வடித்திருந்தனர். சிலையின் பெயர் நோர்மா. கிளீவ்லாந்து நகரத்துச் செய்தித்தாள் ஒன்று, உடலின் ஒன்பது அளவுகள் அச்சிலையோடு ஒத்த பெண்ணைத் தேடிப் போட்டி நடத்தியது. 3,800 பேருக்கு மேற்பட்ட பெண்கள் தம் அளவுகளை அனுப்பினர். ஒன்பதும் பொருந்திய ஒருத்தியுமில்லை. நோர்மா என்ற பெயர் ஒரு காலத்தில் மூலைமட்டத்துக்கு உரியது என்பதை அப்போட்டியாளர் நினைத்திருந்தால், மூலைமட்டத்தைப் போன்ற பெண்ணைத் தேடுவதன் பொருந்தாமை விளங்கியிருக்கும். சில ஆண்டுகளுக்குப்பின் அமெரிக்க வான்படையின் ஆய்வாளர் கில்பேட் டானியல்ஸ், 4,063 விமானிகளின் உடலளவுகளை ஆராய்ந்து 1952இல் அறிக்கை அளித்தார். தெரிந்தெடுத்த பத்து அளவுகளிலும் நடுத்தரமாக அமைந்த விமானி ஒருவரேனும் இலர். சராசரி விமானிக்கெனச் செய்த இருக்கை உண்மையில் எவருக்கும் உரியதன்று என்பதே அதன் முடிவு. விமானிகளை இருக்கைக்கு ஏற்பத் திருத்துதல் இயலாது. இருக்கையையே விமானிக்கு ஏற்ப நகர்த்துமாறு செய்யவேண்டும்.

பெரும்பான்மை செம்மையாகாது என்பதற்கு இலங்கையின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. மலேரியாக் காய்ச்சல் வேரூன்றியிருந்த காலத்தில், உலர் வலயத்துக் கிராமங்களில் மண்ணீரல் வீங்கி வயிறு பெருத்த பிள்ளைகளைக் காண்பது வழமை. அவ்வீக்கம் எத்தனை பிள்ளைகளுக்கு உண்டு என்று எண்ணியே, ஓர் ஊரிற் காய்ச்சல் எவ்வளவு ஊன்றியுள்ளது என்பதைச் சுகாதாரத் துறையினர் மதிப்பிட்டனர். எண்ணிக்கையை மட்டும் கொண்டு தீர்ப்பதாயின், அவ்வூர்களில் வீங்கிய மண்ணீரலே நோர்மல் எனவேண்டும். அங்ஙனம் கூறி அமைந்திருந்தால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்த நாள் வந்திராது. மறுபுறத்தில், மக்களுள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினர் இடக்கையால் எழுதுவோர். எண்ணிக்கையிற் குறைந்தோர் என்பதன்றி அவர்களிடத்துக் கோணல் ஏதுமில்லை. ஆயினும் எத்தனை பிள்ளைகளின் இடக்கைகள் வகுப்பறையில் அடிபட்டன! வழமையாயிருந்தும் செம்மையற்றது ஒன்று. வழமைக்கு மாறாயிருந்தும் செம்மை குன்றாதது மற்றொன்று. ஒரே சொல் இரண்டையும் மூடிவிட்டாற் கண் எதனைக் காணும்?

பிரெஞ்சு மருத்துவரும் தத்துவ ஆசிரியருமான ஜோர்ஜ் காங்கிலேம் 1943இல் வெளியிட்ட ஆய்வில் இச்சிக்கலை அவிழ்க்க முயன்றார். நலம் என்பது சராசரியோடு ஒத்திருத்தலன்று. சூழல் மாறும்போது தனக்கென ஒரு புதிய ஒழுங்கை அமைத்துக்கொண்டு வாழ வல்ல ஆற்றலே நலம் என்பது அவர் கொள்கை. அங்ஙனம் நோக்கின், ஒரு கால் இழந்தும் தன் தொழிலையும் நடையையும் புதிதாக அமைத்துக்கொண்டவன் நலமுடையவன்.

தமிழ் இவ்விடயத்திற் சொல்வளம் உடையது. ஆங்கிலம் ஒரு சொல்லிற் குழைத்தவற்றைத் தமிழ் வேறு வேறு சொற்களாக வைத்திருக்கின்றது. அடிக்கடி நிகழ்வது வழமை. தன்மையாலே அமைவது இயல்பு. சிறப்பின்றிப் பொதுவாயிருப்பது சாதாரணம். கோணாது நிற்பது செம்மை. இலங்கையிற் கணிதமும் அறிவியலும் தமிழிற் கற்பிக்கப்பட்டபோது, பரப்புக்குச் செங்கோணமான கோட்டுக்குச் செவ்வன் என்னும் கலைச்சொல் வழங்கலாயிற்று. செவ்வனே செய்தல் என்னும் தொடரில் வாழும் பழஞ்சொல் அது. நோர்மா என்னும் மூலைமட்டத்தின் முதற்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் வாய்ப்பதரிது. பொறியியல் மாணவர் கற்கும் செவ்வன் மறுதாக்கத்திலும் அப்பொருளே விளங்குகின்றது. ஆனால் புள்ளிவிபரவியலின் மணிவடிவ வளைகோடும் செவ்வன் பரம்பல் என்றே பெயர் பெற்றிருக்கின்றது. பியர்சன் வருந்திய அக்கலப்பு, பெயர்ப்போடு தமிழிலும் வந்து சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டார் அதனை இயல்நிலைப் பரவல் என்பர். அதிற் செம்மை இல்லை, இயல்பு உண்டு. எப்பெயரால் வழங்கினும், அவ்வளைகோட்டின் நடுவே நிற்போர் நல்லோர், ஓரத்தில் நிற்போர் தீயோர் என்று கணிதம் எங்கும் கூறவில்லை.

தச்சுப்பட்டறையிலே பிறந்த மட்டம் என்னும் தமிழ்ச்சொல்லின் போக்கும் நோக்கத்தக்கது. மூலைமட்டத்திலும் நீர்மட்டத்திலும் அது சரியளவைக் குறிக்கின்றது. ஆனால் மட்டமான பொருள் என்றாற் தாழ்ந்த பொருள். சமமாக நிரவியது என்பது நாளடைவிற் சிறப்பில்லாதது எனப்பட்டது போலும். சராசரியைத் தெய்வமாக்கிய கெற்றலேயும், சராசரியைத் தாழ்வெனக் கருதி மேலோரை மட்டும் பெருக்க எண்ணிய கோல்ற்றனும் இச்சிறு சொல்லினுள்ளே எதிரெதிராக நிற்கின்றனர்.

மூலைமட்டம் நல்ல கருவி. அதின்றிக் கோயிலும் இல்லை, வீடும் இல்லை. சுவரின்மேல் அதை வைத்துக் கோணலைக் கண்டவன் அச்சுவரை இடித்துத் திருத்துவது முறையே. ஏனெனில் சுவர் எதற்காக எழுந்தது என்பது கட்டுவோனுக்குத் தெரியும். மனிதன் எதற்காகப் பிறந்தான் என்பதை முன்கூட்டி வரைந்து வைத்த வரைபடம் எவர் கையிலும் இல்லை. ஆதலால், பிள்ளை பேசத் தாமதித்ததென்று கலங்கும் தாய்க்குச் சொல்லவேண்டிய விடை, அது நோர்மல் என்பதோ அன்று என்பதோ அன்று. அப்பிள்ளைக்குக் காது கேட்கின்றதா, துன்பம் ஏதும் உண்டா, உதவி எது வேண்டும் என்ற வினாக்களே அவளுக்குப் பயன் தருவன. நோர்மல் என்னும் சொல் நாவில் எழும்போதெல்லாம், கருதுவது நலத்தையா, வழமையையா, செம்மையையா என்று ஒருகணம் நின்று தேர்ந்து, அதற்குரிய தமிழ்ச்சொல்லைச் சொல்வது மொழிக்கும் நன்று, மனிதருக்கும் நன்று.